காலணி நாடாவில் ஒரு கணக்கு

மாணவர்களே, விளையாட்டு விழா நெருங்கினால் காலணிக்குப் புது நாடா வாங்கி, விதவிதமாகக் கோத்துக்கொண்டு மைதானத்துக்கு வருவோரைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் ஏணிப்படிபோல் நேர்க்கோடுகளாகக் கோத்திருப்பார். மற்றொருவர் இடைவெளி விட்டுப் பெருக்கல் குறிகளாக அமைத்திருப்பார். பார்க்க அழகுதான். ஆனால், ஓடும்போது காலணி நழுவாமல் இருக்குமா?

ஒரு காலணியில் பக்கத்துக்கு 6 ஆக 12 துளைகள் உள்ளன எனக் கொள்வோம். அவற்றை எந்த வரிசையிலும் கோக்கலாம் என்றால், 12 × 11 × 10 × ... × 1 = 47,90,01,600 வரிசைகள் கிடைக்கின்றன! இவற்றுள் மூன்று முறைகளை மட்டும் ஆராய்வோம். எதிரெதிர்த் துளைகளின் இடைவெளி 2 செ.மீ.; ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த துளைகளின் இடைவெளி 1.5 செ.மீ. என்க. அப்படியானால், பிதாகரஸ் தேற்றப்படி ஒரு சாய்வுத் துண்டின் நீளம் 2.5 செ.மீ. ஆகும்.

பெருக்கல் முறை: அடியில் ஒரு குறுக்குத் துண்டு, பிறகு மேல்வரை 10 சாய்வுத் துண்டுகள். மொத்த நீளம் 2 + 25 = 27 செ.மீ.

ஏணி முறை: அடியில் ஒரு குறுக்குத் துண்டு. இடது முனை உட்புறமாக இரண்டாம் வரிசைக்கு ஏறிக் குறுக்கே செல்லும். வலது முனை ஒரு வரிசையைத் தாண்டி மூன்றாவதற்கு ஏறிக் குறுக்கே செல்லும். பிறகு இரண்டுமே ஒன்றுவிட்டு ஒரு வரிசையாக ஏறி, ஆறாம் வரிசையில் வெளிவரும். 5 குறுக்குத் துண்டுகளுக்கு 10 செ.மீ.; ஏறுவதற்கு 15 செ.மீ.; மொத்தம் 25 செ.மீ.

வண்ணத்துப்பூச்சி முறை: அடியில் ஒரு குறுக்குத் துண்டு, பிறகு இரு முனைகளும் ஒருமுறை நேராக ஏறும், ஒருமுறை சாய்வாகக் கடக்கும். 6 நேர்த் துண்டுகள், 4 சாய்வுத் துண்டுகள். மொத்தம் 2 + 9 + 10 = 21 செ.மீ. மூன்றிலும் இதுவே குட்டை.

எது இறுக்கமானது?

நாடாவின் வேலை, காலணியின் இரு பக்கங்களையும் நெருக்கிப் பிடிப்பது. ஒவ்வொரு துளையும் ஒரு கப்பிபோல நாடாவின் திசையை மாற்றுகிறது. நாடாவின் இழுவிசை 10 நியூட்டன் என்போம். குறுக்குத் துண்டு முழு 10 நியூட்டனையும் பக்கங்களை நெருக்கவே பயன்படுத்தும். சாய்வுத் துண்டு 2.5 செ.மீ. நீளத்தில் 2 செ.மீ.தான் குறுக்கே செல்கிறது. எனவே அதன் பங்கு 8 நியூட்டன். நேராக ஏறும் துண்டின் பங்கு சுழியம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். பெருக்கல் முறையில் 10 + 80 = 90 நியூட்டன். ஏணி முறையில் 50. வண்ணத்துப்பூச்சி முறையிலோ 10 + 32 = 42 மட்டுமே! நாடா மிச்சமாகிறது, ஆனால் பிடிப்பு பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

உண்மையில் துளைகளில் உராய்வு உண்டு. அதனால் இழுவிசை எல்லாத் துண்டுகளிலும் ஒன்றாக இராது. மேலே மட்டும் இழுத்தால் அடிப்பகுதி தளர்ந்தே இருப்பது இதனால்தான். அடியிலிருந்து வரிசை வரிசையாக இறுக்கிக்கொண்டு வர வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் கணித அறிஞர் பர்க்கார்ட் போல்ஸ்டர் இதையே பொதுவாக ஆராய்ந்து, 2002-ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். ஒவ்வொரு துளையும் பக்கங்களை நெருக்குவதில் பங்கு பெற வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. மிகக் குறைந்த நாடா கேட்பது நாம் வண்ணத்துப்பூச்சி என்றழைத்த முறையே என்று அவர் நிறுவினார். மிக வலுவானவை எவை தெரியுமா? மக்கள் காலங்காலமாகக் கோத்துவரும் பெருக்கல் முறையும், நேர்க்கோட்டு முறையில் ஒரு வகையும்தான். கணக்குப் போடாமலே அனுபவம் சரியான விடையைக் கண்டிருக்கிறது!

ஆகவே, ஊர் சுற்றும்போது ஏணியும் வண்ணத்துப்பூச்சியும் உங்கள் காலணியை அலங்கரிக்கட்டும். நாடா அறுந்து குட்டையாகிவிட்ட நாளில் வண்ணத்துப்பூச்சி கைகொடுக்கும். ஓட்டப் பந்தயத்துக்கு மட்டும் பெருக்கல் முறைக்கே திரும்பிவிடுங்கள்.

கடைசியாக ஒரு புதிர். பக்கத்துக்கு 5 துளைகள் உள்ள காலணியில் ஏணி முறையைச் செய்து பாருங்கள். இரு முனைகளும் ஒரே துளைக்கு வந்து சேரும்; எதிர்த் துளை காலியாக நிற்கும். ஏன்? நாடாவை எடுத்துக்கொண்டு யோசியுங்கள்!