துருக்கியிலும் தமிழிலும் உடனடித் தொடர்வினை: உடன்பாடும் எதிர்மறையும் இணையும் வடிவம்

கால்டுவெல் தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிட்டபோது, துருக்கியையும் உள்ளடக்கிய சிதிய மொழிக்குழுவோடு திராவிட மொழிகளை உறவுபடுத்தினார். அவ்வுறவை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. ஆயினும் அக்கருத்தோடு சேர்த்து ஒப்பீட்டையும் கைவிடுதல் இழப்பே. இங்குக் காட்டப்படுவது அதற்கொரு சிறு சான்று.

ஒரு செயல் நிகழ்ந்த அக்கணமே மற்றொன்று நிகழ்வதைத் துருக்கி மொழி 'கெலிர் கெல்மெஸ்' என்னும் வடிவத்தால் உணர்த்தும். (துருக்கிச் சொற்களின் வல்லின முதலெழுத்துகளை ஒலிப்புடையனவாகக் கொள்க.) 'கெலிர்' என்பது 'வரும்', 'கெல்மெஸ்' என்பது 'வாராது'. இரண்டும் அடுத்தடுத்து நின்று 'வந்தவுடன்' எனப் பொருள்தரும். 'எவெ கெலிர் கெல்மெஸ் உயுது' எனின், வீட்டுக்கு வந்ததும் உறங்கினான் என்பதாம். ஆங்கிலவழி பயில்வோர்க்கு இது விளங்காத மரபுத்தொடராகவே தோன்றும். தமிழர்க்கோ 'வந்ததும் வராததுமாக' என்னும் தொடர் உடனே நினைவுக்கு வரும். வந்தமைக்கும் வாராமைக்கும் இடைப்பட்ட எல்லையிலேயே அடுத்த வினை தொடங்கிவிடுகிறது என்பதே இருமொழிக்கும் பொதுவான கருத்து எனலாம். தமிழில் இது ஒரு சொல்லோடு நின்றுவிடும் வழக்கன்று. 'பொழுது விடிந்ததும் விடியாததுமாகப் புறப்பட்டோம்' என்பதும் இயல்பான தொடரே.

துருக்கியில் 'கெலிப்' என்னும் எச்சமும் உண்டு. அது நம் 'வந்து' என்பதற்கு நேரானது. வரிசையை உணர்த்துமேயன்றி உடனடித்தன்மையை வற்புறுத்தாது. 'செய்து' முதலிய மூன்று எச்சங்களும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்றும், 'செய்தென' உள்ளிட்ட ஏனையவை பிற வினைமுதலின் வினையையும் ஏற்கும் என்றும் தொல்காப்பியம் வகுத்த வேறுபாடு இங்குப் பெரிதும் பயன்படுகிறது. ஏனெனில் 'கெலிர் கெல்மெஸ்' வகை வடிவமும் வினைமுதல் வேறாவதை ஏற்கும்: 'தெர்ஸ் பிதெர் பித்மெஸ் கித்திக்', பாடம் முடிந்ததும் சென்றோம்.

வடிவம் ஒத்தாலும் பயன்பாடு முற்றும் ஒத்ததன்று. துருக்கி வடிவத்துக்குத் தனிக் காலமில்லை. முதன்மை வினையே காலத்தைத் தரும். ஆகவே 'கெலிர் கெல்மெஸ் அரா' (வந்ததும் அழை) என ஏவலும் அமையும். தமிழ்த்தொடரோ இறந்தகால வடிவின்மேல் உம்மையும் 'ஆக' என்பதும் பெற்று அமைவது. பொருளிலும் பதற்றமோ பொருத்தமற்ற விரைவோ தொனிக்கும். 'வந்ததும் வராததுமாக அழை' என எவரும் ஏவார். 'வந்ததும் வராததுமாகத் தொடங்காதே' எனக் கடிவர். எனவே துருக்கி வடிவத்தின் அமைப்பைத் தமிழ் மாணவர்க்கு விளக்க இத்தொடரையும், மொழிபெயர்ப்புக்கு 'வந்ததும்', 'வந்தவுடன்' என்பவற்றையும் கொள்வதே தக்கது.