கணினியில் ஓடிய டிராக் பிறகு தரைக்கு வந்தது தெரியுமா?

கார் ரேஸ் நிஜத்தில் நடக்கும், அதைப் பார்த்துக் கணினியில் விளையாட்டு செய்வார்கள் என்றுதானே நினைக்கிறோம்? அது தலைகீழாக நடந்த ஊர் ஒன்று இருக்கிறது, தெரியுமா?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நார்த் வில்க்ஸ்பரோ என்று ஒரு பழைய டிராக். அமெரிக்காவின் புகழ்பெற்ற கார் பந்தயத் தொடரான நாஸ்காரின் கோப்பைப் பந்தயம் அங்கே கடைசியாக நடந்தது 1996-இல். அதன் பிறகு மெல்ல மெல்லக் கைவிட்டுவிட்டார்கள். தார் வெடித்தது, வெடிப்பில் எல்லாம் புல் முளைத்தது. 2019 டிசம்பரில் புகழ்பெற்ற பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய்க் களை பிடுங்கினார். ரேஸ் நடத்துவதற்கா? இல்லை! ஐரேசிங் என்ற சிம் ரேசிங் (கணினிக் கார் பந்தய) நிறுவனம் வந்து அந்த டிராக்கை லேசர் ஸ்கேன் எடுப்பதற்காக! இடிந்து போவதற்குள் கணினியிலாவது அது உயிரோடு இருக்கட்டும் என்ற ஆசை.

2020-இல் அந்த டிராக் கணினிக்கு வந்தது. இருபத்து மூன்று வருடமாக நாஸ்கார் கோப்பைப் பந்தயம் நடக்காத வளைவுகளில் உலகம் முழுக்க ஆட்கள் ஓட்ட ஆரம்பித்தார்கள். ‘இதை ஏன் விட்டோம்?’ என்ற பேச்சு கிளம்பியது, மாநில அரசின் பணமும் சேர்ந்தது. 2023 மே மாதம் நாஸ்காரின் ஆல்-ஸ்டார் ரேஸ் நிஜமாகவே அங்கே நடந்தது! ஒரு லேசர் ஸ்கேன் மட்டும் இதைச் செய்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது இல்லாமல் நடந்திருக்கும் என்றும் நான் நம்பவில்லை.

சிகாகோ கதை தெரியுமா? நகரத் தெருக்களில் ஒரு ரேஸ் பாதை போட்டால் எப்படி இருக்கும் என்று முதலில் ஐரேசிங்கில்தான் கட்டிப் பார்த்தார்கள். 2021-இல் நாஸ்கார் வீரர்கள் வீட்டில் உட்கார்ந்தபடி அந்தத் தெருக்களில் ஓட்டினார்கள். 2023 ஜூலையில் நிஜச் சிகாகோ தெருவில் நிஜக் கார்கள் சீறின!

ஐரேசிங்குக்குப் பின்னால் இருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் டேவ் கேமர். 1989-இல் வந்த ‘இண்டியனாபொலிஸ் 500’ விளையாட்டைச் செய்த பாப்பிரஸ் நிறுவனத்தை நடத்தியவர். இன்னொருவர் ஜான் ஹென்றி. ஆமாம், லிவர்பூல் கால்பந்து அணியின் உரிமையாளர் அதே ஜான் ஹென்றிதான்! இருவரும் 2004-இல் ஆரம்பித்த நிறுவனம் 2008-இல் மக்களுக்குக் கதவு திறந்தது.

இப்போது ஐரேசிங்கின் சீசன் கணக்குக்கு வருவோம். வருடத்துக்கு நான்கு சீசன், ஒவ்வொன்றும் 12 வாரம். வாரம் ஒரு டிராக். நான்கு சீசனுக்கும் சேர்த்து 48 வாரம்தானே, மீதி நான்கு வாரம் எங்கே? அதுதான் ‘13-ஆம் வாரம்’! ஒரு சீசன் முடிந்து அடுத்தது தொடங்குமுன் வரும் இடைவாரம். புதுக் கார், புது டிராக், புது இயற்பியல் கணக்கு எல்லாம் பெரும்பாலும் அப்போதுதான் இறங்கும். 2024-இல் மழை வந்ததும் இப்படி ஒரு சீசன் மாற்றத்தில்தான். அதுவரை பதினைந்து வருடத்துக்கும் மேலாக அந்த உலகத்தில் ஒரு சொட்டு மழை பெய்ததில்லை! 12 வாரமும் ஓட்ட முடியாதவர்கள் பயப்பட வேண்டாம். பெரும்பாலான தொடர்களில் உங்களுடைய சிறந்த 8 வாரங்கள்தான் கணக்கு.

ஆனால் என்னை அசர வைப்பது பாதுகாப்பு மதிப்பெண். டிராக்கை விட்டு வெளியே போனால் 1 தவறுப் புள்ளி, கார் கட்டுப்பாடு இழந்து சுழன்றால் 2, இன்னொரு காரை ஓங்கி முட்டினால் 4. எத்தனை வளைவுக்கு எத்தனை புள்ளி வாங்கினீர்கள் என்று கணக்குப் போட்டுத்தான் உங்கள் ஐரேசிங் லைசென்ஸ் நிலை ஏறும், இறங்கும். முட்டியது யார் தப்பு என்று கணினி பார்க்கவே பார்க்காது, தெரியுமா? இருவருக்கும் புள்ளி விழும்! அநியாயம் என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கொதிப்பார்கள். எனக்கு அது சரியான விதி என்றே படுகிறது. தப்பு யாருடையது என்று வாதாடுவதை விட்டுவிட்டு, பக்கத்துக் காருக்கு இடம் விட்டு ஓட்டும் பழக்கம் அதனால்தான் வருகிறது. வேண்டுமென்றே முட்டினால் அது வேறு கதை. புகார் கொடுக்கலாம், விசாரிக்க ஆள் இருக்கிறார்கள். அதோடு புனைபெயர் கிடையாது, சொந்தப் பெயரில்தான் ஓட்ட வேண்டும்.

பெயர் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2020 மே மாதம், ஊரடங்கு நேரம். ஃபார்முலா ஈ வீரர் டேனியல் ஆப்ட் ஓர் இணைய ரேஸில் தன் பெயரில் ஒரு தொழில்முறை சிம் வீரரை ஓட்ட வைத்தார். கேமராவில் முகம் சரியாகத் தெரியவில்லையே என்று சந்தேகம் கிளம்பி, விஷயம் வெளியே வந்தது. 10,000 யூரோ அபராதம். அது மட்டுமா? ஆடி நிறுவனம் அவரை நிஜ அணியிலிருந்தே நிறுத்தி வைத்தது!

இணையத்தில் ஓட்டுவதில் உள்ள பெரிய அதிசயம் கண்ணுக்குத் தெரியாது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 83 மீட்டர். உங்கள் செய்தி சர்வருக்குப் போய்வர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆனாலும் கார் 8 மீட்டர் நகர்ந்துவிடும். ஒரு ஃபார்முலா ஒன் காரின் நீளத்தைவிட அதிகம்! அப்படியானால் திரையில் நீங்கள் பார்க்கும் எதிராளியின் கார்? அது அந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று கணினி ஊகித்துக் காட்டும் இடம்! கண்ணுக்கு இடைவெளி தெரியும்போதே சில சமயம் மோதல் பதிவாவது அதனால்தான்.

பிரேக்கும் நாம் நினைப்பதுபோல் இல்லை. நல்ல சிம் பெடல் எவ்வளவு தூரம் அமுங்கியது என்று அளக்காது, எவ்வளவு பலமாக மிதித்தீர்கள் என்பதை அளக்கும். ரேஸ் காரில் கால் கற்பதும் அதே பலத்தைத்தான்.

இதில் கற்றவர்கள் எங்கே போனார்கள் தெரியுமா? நாஸ்கார் வீரர் வில்லியம் பைரன் சிறுவயதில் ஐரேசிங்கில்தான் ஓட்டப் பழகினார். 2024, 2025 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் நாஸ்காரின் டேட்டோனா 500 பந்தயத்தை வென்றார்! துருக்கியின் செம் போலுக்பாஷி ஃபார்முலா ஒன் இ-ஸ்போர்ட்ஸிலிருந்து 2022-இல் ஃபார்முலா டூ பந்தயத்துக்கே போனார். ஃபார்முலா ஒன் வீரர் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2024 மே மாதத்தில் ஒரே வார இறுதியில் இமோலாவில் நிஜ கிராண்ட் பிரியையும் வென்றார், அவர் பங்கேற்ற அணி நூர்பர்க்ரிங் 24 மணி நேர ஐரேசிங் ரேஸையும் வென்றது! 2025 செப்டம்பரில் அதே நூர்பர்க்ரிங்கில், இந்த முறை நிஜத் தரையில், ஃபெராரியை ஓட்டி ஜெயித்தார். அவரோடு அந்தக் காரைப் பகிர்ந்துகொண்ட கிறிஸ் லல்லம் யார்? சிம் ரேசிங்கில் பெயர் எடுத்தவர்!

மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் புது சீசன் பிறக்கும். பந்தய வாரம் மாறுவது உலக நேரப்படி செவ்வாய் பிறக்கும் நள்ளிரவில், அதாவது நமக்குச் செவ்வாய் காலை 5.30 மணிக்கு. ஆரம்பநிலை லைசென்ஸுக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற சின்னக் கார் போதும், விலை கூடிய ஃபெராரி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் பந்தயக் கனவோடு ஒரு பிள்ளை இருந்தால் வரும் சீசனில் உட்கார வையுங்கள். ஜெயிக்கச் சொல்லாதீர்கள். முதல் வாரம் யாரையும் முட்டாமல் முடிக்கச் சொல்லுங்கள், லைசென்ஸ் தானாக ஏறும்.