வீட்டு மேசையில் உருவான நிரல்கள்

2020 ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, கணிப்பொறிப் பணியாளர் பலர் வீட்டிலிருந்தே வேலை செய்ததைக் கண்டோம். இது முற்றிலும் புதுமை என்று எண்ணினோம். ஆனால் மடிக்கணினியும் இணையமும் இல்லாத 1962 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஒரு பெண்மணி இதனைச் செய்து காட்டினார். அவரே ஸ்டெபனி ஷெர்லி அம்மையார்.

1933 இல் ஜெர்மனியில் பிறந்த அவர், நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி, 1939 இல் ஐந்து வயதுச் சிறுமியாகத் தம் தமக்கையுடன் இங்கிலாந்து வந்தார். முதலில் கன்னியர் மடப் பள்ளியில் பயின்றார். பின்னர் சேர்ந்த பெண்கள் பள்ளியில் கணிதம் கற்பிக்கப்படவில்லை. எனவே ஆண்கள் பள்ளிக்குச் சென்று அதனைக் கற்றார்.

அந்நாளில் குழந்தை பிறந்ததும் பெண்கள் வேலையை விட்டுவிடுவதே வழக்கம். கற்ற கல்வி அடுப்படியில் முடங்கலாமா? 6 பவுண்டு பணத்தை முதலாக வைத்து, வீட்டிலிருந்தே நிரல் எழுதும் பெண்களைக் கொண்டு அவர் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் 300 பணியாளருள் ஆண்கள் மூவரே!

அவர்களுடைய கருவிகள் யாவை? பென்சில், தாள், தபால், தொலைபேசி. தாளில் எழுதிய நிரலைத் தபாலில் அனுப்புவர். அது அட்டையில் துளைகளாகப் பதிக்கப்பட்டுக் கணிப்பொறிக்குள் செலுத்தப்படும். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்குரிய நிரலும் இவ்வாறே உருவாயிற்று.

ஆயினும் உலகம் அவர்களை எளிதில் நம்பவில்லை. ஸ்டெபனி என்று கையெழுத்திட்ட கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. 'ஸ்டீவ்' என்று ஆண் பெயரில் எழுதிய பின்னரே கதவுகள் திறந்தன. தொலைபேசியில் குழந்தையின் குரல் கேட்டுவிடாதிருக்க, தட்டச்சு ஓசையைப் பதிவு செய்து ஒலிக்க விடுவாராம்! திறமையைக் காட்டும் முன் தாய்மையை மறைக்க வேண்டியிருந்தது.

எங்கே, எந்நேரம் உட்கார்ந்திருந்தோம் என்பதன்று, வேலை செவ்வையாக முடிந்ததா என்பதே முக்கியம் என்பது அவர் கொள்கை. கருவி எளியதாயினும் நம்பிக்கை இருந்தால் வேலை நடக்கும் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. 2025 இல் அவர் மறைந்தார்.

தோழியரே, இன்று நம் வீடுகளிலும் அன்னையரும் அக்காமாரும் கணிப்பொறி முன் அமர்ந்து பணியாற்றுகின்றனர். "வீட்டில்தானே இருக்கிறீர்கள்" என்று அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இராமல், வீட்டு வேலைகளை நாமும் நம் சகோதரர்களும் பகிர்ந்துகொள்வோமாக!