கோடும் வண்ணமும்

கண்டி மாநகரை அடுத்து, மகாவலி கங்கைக்கு அப்பால், தெகல்தொருவைக் குகை விகாரை உளது. கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்க மன்னன் (1747–1782) காலத்தில் தொடங்கப்பெற்ற அவ்விகாரையின் சுவரோவியங்களில், தட்டையாக நிரம்பிய நிறத்தைக் கோடு காவல் செய்து நிற்கின்றது. இம்மரபின் வண்ணங்களையும் செய்முறைகளையும் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார்.

இக்காலத்தில் வாழ்த்து மடல் செய்வோர் கையாளும் முறையும் கோட்டையும் நிறத்தையுமே நம்பியிருக்கின்றது. இறப்பர் அச்சினாற் கோட்டைப் பதித்து, மதுசார மாக்கர் பேனையால் வண்ணம் தீட்டுகின்றனர். மதுசாரம் விரைந்து ஆவியாவதால், நீர்வண்ணம் பட்டாற்போலக் கடதாசி நெளிவதில்லை. ஈரம் காயுமுன் அடுத்த நிறத்தை இட்டால் இரண்டும் இழைந்து நிழலும் ஒளியுமாகும். ஆனால், பதித்த மை மதுசாரத்திற் கரைவதாயின் கோடே கலைந்து படம் பாழாகும். கரையாத மையைத் தேர்ந்து, அது நன்கு உலர்ந்தபின்னரே பேனையைத் தொடல் வேண்டும்.

கடதாசியும் ஆராயத்தக்கது. பின்னவலைப் பகுதியில் யானைச் சாணத்தின் நாரினாலும் கடதாசி செய்கின்றனர். இத்தகைய கைக்கடதாசி, பசையூட்டப்படாததாயின், நார்வழியே சாயத்தை உறிஞ்சும்; வண்ணம் கோட்டைத் தாண்டிப் பரவும். ஆதலின் வழவழப்பான தடித்த தாளிற் படத்தை முடித்து, வெட்டியெடுத்து, கைக்கடதாசியின்மேல் ஒட்டுதலே தக்க வழி.

விகாரைச் சுவரின் தாது வண்ணங்கள் இருநூறாண்டு கடந்தும் விளங்குகின்றன. மாக்கர்ச் சாயமோ வெயிலில் மங்கும். ஆகவே, நெடுநாள் நிலைக்கவேண்டிய மடலை உறையினுள்ளோ ஏட்டினுள்ளோ வைத்துக் காத்தல் நன்று.