தொட்டியில் ஓர் ஆலமரம்

கிணற்றுச் சுவரிலும் கோயில் மதிலிலும் பறவைகளின் எச்சத்தால் முளைக்கும் ஆலங்கன்றுகளைப் பிடுங்கி எறிவது நம் கிராமங்களில் வழக்கம். அவ்வாறு எறியப்படும் கன்றையே ஆழமில்லாத தொட்டியில் வைத்துப் பல்லாண்டு பேணினால், ஒரு முழ உயரத்திலேயே முதிய மரத்தின் தோற்றத்தைப் பெறும். சீனத்தில் தோன்றி ஜப்பானில் செழித்த இக்கலையைப் ‘பொன்சாய்’ என்பர். நாற்றங்கால் நடத்தும் மகளிர் குழுக்களுக்கு இஃது ஏற்ற உபதொழில். மரத்தைப் பட்டினி போட்டுக் குட்டையாக்குவதன்று இக்கலை. கம்பி கட்டுதலையும் தொட்டி மாற்றுதலையும் முறையறிந்து செய்வதே இதன் உயிர்நாடி.

கம்பி கட்டுதல்

கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள அலுமினியக் கம்பி போதுமானது. அதன் முனையை அடிமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நிலைப்படுத்தியபின், கிளைமீது 45 பாகைச் சாய்வில், சீரான இடைவெளியுடன் சுற்ற வேண்டும். இலைகள் அடியில் சிக்கலாகாது. பிறகு இரு கைகளாலும் தாங்கி மெல்ல வளைக்கலாம்.

ஆல் விரைந்து பருக்கும் இனம்; ஆகவே வாரந்தோறும் பார்வையிடுதல் அவசியம். குழுவினரின் பயிற்சிக்கென நாம் அலுவலக ஜன்னலருகே வளர்த்த கன்றினை, சென்ற ஆண்டு வேலை நெருக்கடியில் மூன்று மாதம் கவனியாது விட்டோம். கம்பி பட்டைக்குள் புதைந்துவிட்டது. அதைச் சுற்றுப் பிரித்தெடுக்க முயன்றபோது கிளையே முறிந்தது. கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கியே எடுக்க வேண்டும் என்று அன்று கற்றோம். இன்று அத்தழும்பையே பாடமாகக் காட்டி வருகிறோம்.

தொட்டி மாற்றுதல்

வேர்கள் தொட்டி நிறையச் சுருண்டு, ஊற்றிய நீர் இறங்கத் தாமதித்தால் மண் மாற்றும் காலம் வந்ததென அறியலாம். சாதாரணமாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இது தேவைப்படும். கடும் வெயில் தணிந்த ஆடி, ஆவணி மாதங்கள் உகந்தவை. பழைய மண்ணை உதிர்த்து, வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கத்தரிக்க வேண்டும். தொட்டியின் துளைமீது வலைத்துண்டு வைத்து, தூசி சலித்து நீக்கிய செங்கல் துணுக்கு, பருமணல், இலைமக்கு ஆகியவற்றின் கலவையை இடுக. மரம் ஆடாதபடி தொட்டியோடு கட்டி, அடியில் தெளிந்த நீர் வடியும்வரை நீர் ஊற்றுக.

பின்னர் மூன்று வாரம் நிழல் வேண்டும்; ஒரு மாதம் உரம் கூடாது. கம்பி கட்டுதலையும் தொட்டி மாற்றுதலையும் ஒரே சமயத்தில் செய்தால் மரம் தாங்காது. வீட்டினுள் வைப்போர் வெளிச்சம் மிக்க ஜன்னலருகே வைப்பாராக.

அடுத்த முறை மதிலில் ஆலங்கன்றைக் காணும்போது, அதனை வேருடன் பக்குவமாக எடுத்து வாருங்கள். செலவோ சொற்பம்; வேண்டுவது பொறுமையும் வாரம் ஒருமுறை தவறாத பார்வையுமே.