வெள்ளி வில்லைக்கு மூன்று விலை

ஒரே பொருளுக்கு ஒரே சமயத்தில் மூன்று விலைகள் இருக்க முடியுமா? முடியும். அமெரிக்காவின் நெவாடா மாநிலச் சூதாட்ட விடுதிகளில் புழங்கிய வெள்ளி வில்லைகளைப் பாருங்கள்.

முன்பு அந்த விடுதிகளின் காசு இயந்திரங்களில் உண்மையான வெள்ளி டாலர்களையே போட்டு ஆடினார்கள். ஒரு வெள்ளி டாலரின் எடை 26.73 கிராம். அதில் 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. அதாவது, சுமார் 24 கிராம் வெள்ளி. வெள்ளியை எடைபோடும் டிராய் அவுன்ஸ் என்பது 31.1 கிராம். ஓர் அவுன்ஸ் வெள்ளி 1.29 டாலருக்கு விற்றால், அந்த நாணயத்திலுள்ள வெள்ளியே ஒரு டாலர் பெறும். கணக்குப் போட்டுப் பாருங்கள்!

1963இல் வெள்ளி விலை அந்த அளவை எட்டியது. விலை இன்னும் ஏறினால் இலாபம்தானே? மக்கள் நாணயங்களைப் பதுக்கினார்கள். 1964 மார்ச்சில் அரசுக் கருவூலம் வெள்ளி டாலர் வழங்குவதை நிறுத்தியது. நாணயம் கிடைக்காத விடுதிகள், மலிவான உலோகக் கலவையில் தமக்கென வில்லைகள் செய்துகொண்டன.

1992இல் வெள்ளி வேறு உருவில் திரும்பியது. நடுவில் தூய வெள்ளி, சுற்றிலும் பித்தளை வளையம், மேலே 10 டாலர் என்ற முத்திரை. இந்த வில்லையைச் சில இயந்திரங்கள் வென்றவருக்குப் பரிசாகத் தந்தன. இதில் இருந்த வெள்ளி சுமார் 0.6 அவுன்ஸ். அன்று அவுன்ஸ் விலை ஏறத்தாழ 4 டாலர். எனவே வெள்ளியின் மதிப்பு 2.40 டாலர்தான்! வென்றவர் அதை விடுதியில் கொடுத்து 10 டாலர் வாங்கலாம். அழகாயிருக்கிறதே என்று வீட்டுக்குக் கொண்டுபோனால் விடுதிக்கு 10 டாலர் மிச்சம். சேகரிப்பவரின் ஆசை விடுதிக்கு இலாபம்.

ஆனால் வெள்ளி விலை 16.67 டாலரைத் தாண்டினால் என்ன ஆகும்? உள்ளிருக்கும் வெள்ளி 10 டாலரை மிஞ்சிவிடும். 2011 ஏப்ரலில் விலை 48 டாலருக்கு ஏறியபோது, ஒரு வில்லையின் வெள்ளி மட்டும் கிட்டத்தட்ட 29 டாலர் பெற்றது. 2015 இறுதியில் விலை 14 டாலர் அளவுக்கு இறங்கியது. வெள்ளி மதிப்பும் 8.40 டாலராகச் சுருங்கியது. அப்போது முத்திரையிலுள்ள 10 டாலரே மேல். ஆனால் விடுதி அதை ஏற்கும் வரையில்தான்! விடுதியை மூடிவிட்டால் அந்த முத்திரைக்குப் பணம் தர ஆளில்லை. வெள்ளி மட்டும் மிஞ்சும்.

மூன்றாவது விலை சேகரிப்பவர்கள் கொடுப்பது. எந்த விடுதி, எந்த ஆண்டு, எத்தனை வில்லைகள் எஞ்சியுள்ளன, தேய்மானம் எவ்வளவு என்று பார்த்து விலை சொல்வார்கள். வெள்ளி ஏன் கறுக்கிறது தெரியுமா? காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அதனுடன் வினைபுரிந்து வெள்ளி சல்ஃபைடு என்னும் கரும்படலத்தை உண்டாக்குகின்றன. அதைப் பளபளவென்று தேய்த்தால் கீறல் விழும், நுண்ணிய வேலைப்பாடு மழுங்கும், விலையும் குறையும். நாணயம் சேகரிக்கும் மாணவர்கள் இதை மறக்கவே கூடாது.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. 0.6 அவுன்ஸ் என்பது சுமார் 18.7 கிராம். இன்றைய நாளிதழில் ஒரு கிராம் வெள்ளியின் விலையைப் பார்த்து, அதை 18.7ஆல் பெருக்குங்கள். அடுத்த மாதம் இதே தேதியில் மறுபடியும் பெருக்குங்கள். வில்லை அதேதான், எடையும் அதேதான். விடை மட்டும் மாறியிருக்கும்!