உம்ராவுக்கும் வளைகுடாவுக்கும் விமானம் ஏறுமுன்



உத்திரமேரூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் உம்ரா செல்வோரும், வளைகுடாவில் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோரும் ஆண்டுக்கு ஆண்டு அதிகமாகி வருகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். பெரும்பாலோருக்கு அதுவே முதல் விமானப் பயணம். "டிக்கெட் எங்கே மலிவு?" என்று கேட்டு நம் அலுவலகத்துக்கு வருகிறார்கள். டிக்கெட்டில் மிச்சம் பிடித்த பணத்தைப் பெயர்ப் பிழையிலும் கூடுதல் சுமையிலும் இழப்பவர்களே அதிகம் என்பதால், அவற்றை முதலில் சொல்கிறோம்.

டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு எழுத்துகள் இங்கே உதவாது. நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தந்தை பெயரை இனிஷியலாகப் போட்டே பழகியதால், பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் வெற்றாகவே இருக்கும். அப்துல்லா என்றால் வெறும் அப்துல்லாதான். இப்படி ஒற்றைப் பெயர் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு விளக்கம் வந்தது. துபாய்க்குப் பெற்றோரை அழைக்கும் பிள்ளைகள் டிக்கெட் போடும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாகுமா என்பதையும் அப்போதே பாருங்கள்.

டிக்கெட் விலையைப் பொறுத்தவரை, ரமளானிலும் பள்ளி விடுமுறையிலும் பெருநாளை ஒட்டியும் ஏறும். தேதி நம் கையில் இருந்தால் அந்த நாட்களைத் தவிர்த்து முன்கூட்டியே பதிவு செய்யலாம். மிக மலிவாகக் கிடைக்கும் சில டிக்கெட்டுகள் இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளைச் சேர்த்துக் கட்டியவை. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் நஷ்டம் நம்முடையது. எல்லாம் ஒரே பி.என்.ஆர். எண்ணில் வருகிறதா என்று ஏஜென்டிடம் கேளுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குச் சென்னையிலிருந்து நேராக ஜித்தா செல்லும் விமானமே நல்லது என்பது எங்கள் கருத்து. சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்க, வழியில் ஒரு விமான நிலைய நாற்காலியில் நள்ளிரவில் ஏழெட்டு மணி நேரம் உட்கார்வது பெரியவர்களின் முழங்காலுக்கு ஆகாது. வீல்சேர் வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே பதியச் சொல்லுங்கள்.

இனி சாமான். எத்தனை கிலோ அனுமதி என்பது விமானத்துக்கு விமானம் மாறும்; டிக்கெட்டிலேயே எழுதியிருக்கும். தெரு மளிகைக் கடைத் தராசில் எடை போட்டுவிட்டுக் கிளம்புங்கள். கவுன்ட்டரில் கிலோ கணக்கில் கட்டும் கூடுதல் கட்டணம் சில நேரம் உள்ளே இருக்கும் பொருளின் விலையைவிட அதிகம். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் கூடாது. ஊறுகாய், நெய், எண்ணெய் போன்றவற்றைக் கைப்பையில் வைத்தால் 100 மில்லிக்கு மேல் அனுமதிக்க மாட்டார்கள். கொப்பரைத் தேங்காய் தீப்பற்றக்கூடியது என்பதால் அதையும் தவிருங்கள். திரும்பும்போது ஸம்ஸம் தண்ணீரைப் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே மறைத்து வைக்காதீர்கள். எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். முத்திரையிட்ட 5 லிட்டர் பெட்டியாகத் தனியே கொண்டுவர வேண்டும்.

தாய்மார்கள் அவசியம் கவனிக்க வேண்டியது கசகசா. நம் வீட்டுக் குருமாவுக்கு அது சாதாரணச் சாமான். சவூதியிலும் அமீரகத்திலும் கத்தாரிலும் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. மகனுக்கு ஆசையாக அரைத்துக் கொடுக்கும் மசாலாப் பொடியிலும் அது கலந்திருக்கக் கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை, தூக்க மாத்திரை இவையும் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. சிலவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை அட்டையோடு, ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினும் அப்படியே.

அடுத்தவர் கொடுக்கும் பொட்டலம் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். 2019 ஜூலையில் மும்பையைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதி கத்தார் போனார்கள். உறவுக்காரப் பெண்மணி ஒருவர் ஏற்பாடு செய்து கொடுத்த பயணம். கூடவே ஒரு பொட்டலத்தையும் கொடுத்தனுப்பினார். தோஹாவில் இறங்கியபோது சாமானில் 4 கிலோவுக்கு மேல் ஹஷீஷ் பிடிபட்டது. இருவருக்கும் 10 ஆண்டுச் சிறைத் தண்டனை. கர்ப்பிணியாகப் போன அந்தப் பெண் சிறையில் இருந்தபோதே குழந்தை பெற்றார். அவர்கள் நிரபராதிகள் என்று அங்குள்ள நீதிமன்றம் விடுவித்தது 2021ஆம் ஆண்டில்தான். கொடுத்தவர் அந்நியரில்லை, சொந்தம்! "அமானிதமாகக் கொடுக்கிறேன்" என்று யார் தந்தாலும், அவர் எதிரிலேயே பிரித்துப் பார்த்து, நாமே கட்டிய பொருளை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். வருத்தப்பட்டால் வருத்தப்படட்டும். திரும்பி வரும்போது டிக்கெட் செலவைத் தருகிறோம், கொஞ்சம் தங்கம் கொண்டு வாருங்கள் என்று அணுகுபவர்களும் உண்டு. சென்னையில் அப்படிப் போனவர்களைக் 'குருவி' என்பார்கள். மாட்டுவது குருவிதான், அனுப்பியவர் அல்ல.

உம்ரா செல்பவர்களுக்கு மட்டும் ஒன்று. ஜித்தா செல்லும் விமானம் மீக்காத் எல்லையை வானத்திலேயே கடந்துவிடும். இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் நடுவானில் செய்வதற்கு ஒன்றுமில்லை. வீட்டிலோ விமான நிலையத்திலோ உடுத்திக்கொண்டு, மீக்காத் நெருங்கும்போது நிய்யத் வையுங்கள். முதலில் மதீனா செல்பவர்களுக்கு அந்த அவசரம் இல்லை. மதீனாவிலிருந்து மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டலாம். விமானத்தில் தொழும் முறையைப் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரந்தூர் விமான நிலையம் வருமோ வராதோ, நமக்கு இப்போதைக்கு மீனம்பாக்கம்தான். 2022இல் தமிழக ஹாஜிகள் கொச்சி வரை போய் விமானம் ஏற வேண்டியிருந்ததை நினைத்தால் இது பக்கம்தான். சாமான் குறைவாக உள்ளவர்கள் பேருந்தில் செங்கல்பட்டு போய், மின்சார ரயிலில் திரிசூலத்தில் இறங்கினால் எதிரிலேயே விமான நிலையம். அதிகச் சாமானும் பெரியவர்களும் இருந்தால் ஒரு கார் போதும். வழியனுப்ப இரண்டு வேன் நிறைய ஆட்கள் போகும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. டிக்கெட் இல்லாதவர் வாசலைத் தாண்ட முடியாது. வேன் வாடகையை மிச்சப்படுத்தி, துஆவையும் முஸாஃபஹாவையும் பள்ளிவாசலிலேயே முடித்துக்கொள்ளலாமே. விமானம் புறப்பட 3 மணி நேரம் முன்பே அங்கே இருங்கள். புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போது கவுன்ட்டரை மூடிவிடுவார்கள்; சில விமானங்களில் அதற்கும் முன்பே. தாம்பரம் நெரிசலை அவர்கள் காரணமாக ஏற்பதில்லை.

டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் பாஸ்போர்ட் நகலோடு அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். பெயர், செல்லுபடி தேதி, சாமான் அளவு மூன்றையும் பார்த்துச் சொல்கிறோம். கட்டணம் ஏதும் இல்லை. எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் வீட்டுப் பிள்ளை ஒருவரையும் அழைத்து வாருங்கள்.